எல்.எஸ்.டி. என்று சொல்லி வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள்: பழைய அம்பாசிடர், கான்டெஸா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய அம்பாசிடர், கான்டெஸா, ஜீப், ஆம்னி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைந்த விலையில் எல்.எஸ்.டி. (ஒரு பின்சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு இழுவை கொடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் 42,000 ரூபாய் கொடுத்தேன். பணம் போனதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். தொப்பூர் கணவாயில் அம்மாவையும் மனைவியையும் வண்டியில் வைத்துக்கொண்டு நடந்ததை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீடு காரிமங்கலம் பக்கம் மாந்தோப்புக்குள் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு இருநூறு மீட்டர் செம்மண் ஏற்றம். அப்பா 1994-ல் வாங்கிய டீசல் அம்பாசிடர் இன்னும் ஓடுகிறது, ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். வெயில் காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. மழை பெய்தால்தான் சிக்கல். பாதி ஏற்றத்தில் இடது பின்சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கும், வலது சக்கரம் கெட்டி மண்ணில் சும்மா நிற்கும். டிராக்டர் கூப்பிட்டு இழுக்க வேண்டியதுதான்.

இது வண்டியின் கோளாறு இல்லை. பின் அச்சின் நடுவில் இருந்து இன்ஜின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண வகை இரண்டு சக்கரத்துக்கும் இழுவிசையைச் சமமாகத்தான் பங்கு போடும். ஒரு சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை என்றால் அந்தச் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு கொஞ்சம் போதுமோ, மற்றதுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைவான தூரமும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். இதற்கும், இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதற்கும் நடுவில் நிற்பதுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். வளைவில் விட்டுக்கொடுக்கும், ஒரு சக்கரம் வழுக்கினால் ஓரளவு இழுத்துப் பிடிக்கும்.

ஆவணி மாதம் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். பேச்சு நன்றாக இருந்தது. "ஜப்பான் சாமான் சார், பிளேட் டைப். பெங்களூர்ல இருந்து வரவழைச்சு உங்க ஹவுசிங்குக்கு ஏத்த மாதிரி லேத்ல செட் பண்ணிடுவோம்" என்றார். பிளேட் டைப் என்றால் உராயும் தட்டுகளை வைத்து இழுத்துப் பிடிக்கும் வகை. போனில் ஒரு படமும் காட்டினார். 20,000 முன்பணம், மீதி வண்டி எடுக்கும்போது. பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்டின் முனையில் எத்தனை ஸ்பிளைன் (வரிப்பள்ளம்), டிஃபரன்ஷியலைச் சுற்றும் கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடி என்ன ரேஷியோ என்று அவர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. இந்த அளவு தெரியாமல் யாராலும் எல்.எஸ்.டி. வரவழைக்க முடியாது. அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பட்டறைக்குப் பின்னால் மணல் கொட்டித் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். ஒரு பின்சக்கரத்தை அந்த ஈர மணலில் இறக்கி, வண்டியை எடுக்கச் சொன்னார்கள். ஒரே மூச்சில் ஏறி வந்துவிட்டது. நான் அப்படியே நம்பிவிட்டேன், மீதி 22,000-ஐயும் எண்ணிக் கொடுத்தேன். நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் அழுத்தமாகச் சொல்கிறேன்: சேற்றிலோ மணலிலோ ஏறிக் காட்டுவது எல்.எஸ்.டி.க்குச் சோதனையே இல்லை. உள்ளே பற்களை வெல்டு வைத்து ஒட்டியிருந்தாலும் அந்த வண்டி மணலில் ஏறும், சொல்லப்போனால் இன்னும் நன்றாக ஏறும். தார் ரோட்டில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் போட்டால்தான் வேஷம் கலையும்.

வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் பங்குக்குள் திரும்பினேன். பின் டயர் கிறீச்சென்று கத்தியது. ஸ்டியரிங் கனமாக இருந்தது, வண்டி திரும்ப மனசில்லாத மாடு மாதிரி நேராகவே போகப் பார்த்தது. உடனே போன் போட்டேன். "புது எல்.எஸ்.டி. அப்படித்தான் சார், பிளேட் செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க சரியாயிடும்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. நிஜமான பிளேட் டைப் எல்.எஸ்.டி.யும் வளைவில் கடகடவென்று சத்தம் போடுவது உண்டு. சாதாரண 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் பிளேட்டுகள் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். அதற்கென்று உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த ஆயில் ஊற்ற வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்தோடு வண்டி திரும்பும். என் வண்டி திரும்பவே இல்லை.

ஐப்பசியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்காகச் சேலம் கிளம்பினோம். தூறல். தொப்பூர் கணவாய் இறக்கம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போன லாரியிலிருந்து நல்ல இடைவெளி விட்டு மூன்றாவது கியரில் மெதுவாகத்தான் இறங்கினேன். ஒரு வலது வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. இடப்பக்கத் தடுப்பை நோக்கி நேராக வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னும் ஒடித்தேன். முன்சக்கரத்துக்குத் திடீரென்று பிடிப்பு வந்தது, உடனே பின்பக்கம் வெட்டிக்கொண்டு வெளியே வீசியது. வண்டி சாலையில் குறுக்கே நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அழுத்தியபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். அந்த மனுஷர் சுதாரித்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா முன் சீட்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து, அங்கிருந்து அவர்களைப் பஸ்ஸில் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் தருமபுரியில் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சின்ன வயசிலிருந்து அம்பாசிடர் வேலை பார்ப்பவர். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். மற்றதும் அதே பக்கமாகச் சுற்றியது. என்னை அந்தப் பக்கச் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இவர் வீல் நட்டில் நீளமான பைப் போட்டு அழுத்தினார். ஒரு நூல் கூட விட்டுக்கொடுக்கவில்லை. "தம்பி, இது எல்.எஸ்.டி. இல்ல. உள்ள ஒட்டி வச்சிருக்கான்" என்றார்.

ஆயிலை வடித்தபோது சட்டியில் வெள்ளிப் பொடி கலக்கின மாதிரி மினுமினுத்தது. காந்தத்தை விட்டு எடுத்தார், மிளகு அளவில் உருண்டை உருண்டையாக வெல்டிங் சிதறல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஷாஃப்டுகளை உருவி, டிஃபரன்ஷியலைத் தாங்கும் கேரியரைக் கழற்றி வெளியே எடுத்தோம். டிஃபரன்ஷியல் கூண்டுக்குள் ஸ்டார் பினியன், சைடு கியர் என்ற சின்னப் பல்சக்கரங்கள் பல்லோடு பல்லாக ஒட்டிக் கிடந்தன, மேலே மெழுகு வழிந்த மாதிரி வெல்டிங் மேடு. என் வண்டியின் பழைய கூண்டேதான் அது. ஒரு சாமானும் புதுசாக வாங்கப்படவில்லை. பினியன் எல்லாம் கடினப்படுத்திய இரும்பு, அதில் வைத்த வெல்டு விரிசல் விட்டு உதிரத்தான் செய்யும். உதிர்ந்த துண்டு ஒன்று கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் மாட்டி இரண்டு பல் மூளியாகியிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அதைப் பார்த்து அல்ல, ஷாஃப்டைப் பார்த்துத்தான். நேர்கோடாக இருக்க வேண்டிய ஸ்பிளைன் வரிகள் கயிறு முறுக்கின மாதிரி சாய்ந்திருந்தன. ஓடியது 900 கிலோமீட்டர்தான். இன்னும் கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு ஏற்றத்தில் துண்டாகியிருக்கும்.

கிரவுன்-பினியனோடு முழு அசெம்பிளி சேலத்தில் செகண்ட்ஸில் 11,500-க்குக் கிடைத்தது. ஷாஃப்ட் ஜோடி 4,800. பேரிங், ஆயில் சீல், ஆயில் 2,700. கூலி 4,000. தேய்ந்துபோன பின் டயர் இரண்டுக்கும் 9,000. பெரியவர் டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளி பார்த்து, ப்ளூ என்ற நீலச் சாயம் தடவிப் பல் பதியும் இடத்தைக் காட்டிய பிறகுதான் மூடினார். வேலை தெரிந்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

நீங்கள் உண்மையிலேயே எல்.எஸ்.டி. போட நினைத்தால், முதலில் பழைய சாமானைக் கேளுங்கள். எல்.எஸ்.டி. என்பது கூண்டையே மாற்றுவது. அது உள்ளே போனால் பழைய கூண்டும் ஸ்டார் பினியன்களும் வெளியே வந்தாக வேண்டும். நான் கேட்டபோது "காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்றார்கள். உள்ளே இருப்பதை வெளியே எப்படிக் காட்ட முடியும்? அடுத்தது அந்த ஜாக்கி சோதனை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். பிளேட் டைப்பில் அதே பக்கம் சுற்றும், ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பலமாக நெம்பினால் இறுக்கமாக வழுக்கிக் கொடுக்கும். என்ன செய்தாலும் வழுக்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். டார்சன் மாதிரிப் பல்சக்கர வகை சுமை இல்லாதபோது சாதாரணம் மாதிரியே எதிர்ப்பக்கம் சுற்றக்கூடும், அதனால் அது மட்டும் கைச்சோதனைக்குப் பிடிபடாது, தெரிந்த மெக்கானிக் பார்க்க வேண்டும்.

விலை குறைவாக, நிஜமாகக் கிடைப்பது எது என்றும் இரண்டு மாதமாக விசாரித்தேன். கூண்டை மாற்றாமல் உள்ளே இருக்கும் பினியன்களை மட்டும் எடுத்துவிட்டுப் போடும் லாக்கர்கள் ஜீப்பின் டானா அச்சுகளுக்கும், ஜிப்ஸி வகை சுசுகி அச்சுகளுக்கும் வெளிநாட்டில் விற்கிறார்கள். எல்.எஸ்.டி.யை விட மலிவு, ஆனால் அது இரண்டு சக்கரத்தையும் பூட்டும் வகை, தார் ரோட்டில் அதன் குணம் வேறு. மஹிந்திராவின் தார், பொலேரோ நியோ வண்டிகளில் சில மாடல்களுக்குக் கம்பெனியே மெக்கானிக்கல் லாக்கர் போட்டுத் தந்திருக்கிறது. ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றினால் தானே பூட்டிக்கொள்ளும், வண்டி வேகம் எடுத்தால் பூட்டாது. அந்த அச்சைக் காயலான் கடையில் வாங்கி அம்பாசிடருக்கு மாட்டலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், எஃப்.சி.யும், இன்சூரன்ஸும் குறுக்கே நிற்கும், வேண்டாம் என்றுவிட்டேன். அம்பாசிடருக்கென்று பெட்டியோடு வரும் எல்.எஸ்.டி. நான் விசாரித்த ஒரு கடையிலும் இல்லை. கிடைத்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பல்சக்கர வகை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

என் ஏற்றத்துக்கு என்ன வழி என்று பெரியவரிடமே கேட்டேன். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கிளிக் மட்டும் இழுத்து வைத்து, ஆக்சிலேட்டரை மெதுவாகக் கொடுக்கச் சொன்னார். பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதால் வழுக்கும் சக்கரத்துக்குச் சுமை வரும், மற்ற சக்கரத்துக்கும் அந்த அளவு இழுவை போகும். ஏறிய உடனே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் லைனர் கருகும். போன வாரம் மழையில் செய்து பார்த்தேன், இரண்டு முறையும் ஏறியது. அதோடு ஏற்றத்தில் மூன்று டிராக்டர் லோடு கிராவல் கொட்டி மிதித்துவிட்டேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "எல்.எஸ்.டி.ன்னா லாக்தான் சார்" என்று சாதித்தார்கள். ஒரு ரூபாய் திரும்பவில்லை. வெல்டு வைத்த கூண்டு, முறுக்கிய ஷாஃப்ட், துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே பதிவு, கழற்றும்போது எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதில் வராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கப்போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

இராயக்கோட்டைப் பக்கம் கான்டெஸா வைத்திருக்கும் ஒருவரும் அதே பட்டறையில் இதே வேலை செய்ததாகத் தெரிந்து நேற்று போனில் பேசினேன். திரும்பும்போது டயர் கத்துகிறதா என்று கேட்டேன். கத்துகிறது, ஆயிரம் கிலோமீட்டரில் சரியாகிவிடும் என்று சொன்னார்கள் என்றார். நாளைக் காலையில் ஜாக்கியோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.