படகு ஸ்டீயரிங்கில் ஏர் எடுப்பது: எந்த முறை நம்பகமானது?

ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் காற்று புகுந்தால் அதை வெளியேற்ற நாலு வழி புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்வது, ட்யூப் போட்டுத் தனி ஆளாகச் செய்வது, மெஷின் வைத்துத் தள்ளுவது, வேக்குவம் வைத்து உறிஞ்சுவது. கார், லாரி பிரேக்கில் கை பழகி மும்பைப் படகு வேலைக்கு வருகிற நம் பிள்ளைகள் நேரே கடைசி வழிக்குத்தான் போகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு ஹெல்ம் (வீலோடு சேர்ந்த பம்ப்), மோட்டாரைத் திருப்பும் ஒரு சிலிண்டர் உள்ள அவுட்போர்டு படகுக்கு, அதாவது மோட்டார் பின்னால் வெளியே மாட்டிய படகுக்கு, இரண்டு பேர் முறையை மிஞ்ச எதுவும் இல்லை.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். எண்ணெய் அழுந்தாது, காற்று அழுந்தும். உள்ளே காற்று இருந்தால் வீல் திரும்பும், மோட்டார் உடனே திரும்பாது. மும்பை கேட்வே ஆஃப் இந்தியா படித்துறையில் லாஞ்ச்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, நீரோட்டத்தின் இழுப்பு வேறு ஒரு பக்கம் தள்ளும்போது, அந்தத் தாமதம் போதும் பக்கத்துப் படகில் மோத. உள்ளே குழந்தை குட்டிகளோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு பேர் முறைக்கு வருகிறேன். ஹெல்ம் பம்பின் வாயில் ட்யூபை மாட்டி, எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, இப்போது மேலே வந்துவிட்ட பாட்டிலின் அடிப்பக்கத்தில், காற்று நுழைய ஒரு ஓட்டை போட வேண்டும். ஒருவர் வீலில், ஒருவர் பின்னால் சிலிண்டரில். வீலை வலப்பக்கம் முழுக்கச் சுற்றினால் சிலிண்டரின் ராடு வலப்பக்கம் முழுதாக வெளியே வரும். இப்போது சிலிண்டரின் வலப்பக்க நிப்பிளை (காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து, ராடு திரும்ப உள்ளே போகாமல் பிடித்துக்கொண்டு, வீலை இடப்பக்கம் சுற்றச் சொல்ல வேண்டும். (சில மாடல்களில் ராடு நிற்கும், சிலிண்டர் நகரும், அப்போது சிலிண்டரைப் பிடிக்க வேண்டும்.) இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. சிலிண்டரை இரண்டு அறையாகப் பிரிக்கும் பிஸ்டன், ராடோடு சேர்ந்து அந்த மூலையில் நிற்கும்போது வலப்பக்க அறை மிகச் சிறியது, காற்று ஒளிய இடமே இல்லை. பிஸ்டனைப் பிடித்திருப்பதால் வருகிற எண்ணெய் அறையை நிரப்பப் போகாமல் நேரே நிப்பிள் வழியாகக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும்.

முதலில் நுரையாகத் துப்பும். பிறகு பாலாடை நிறத்தில் பொடிக் குமிழியோடு வரும். அதைப் பார்த்து முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இல்லை, கண்ணாடி மாதிரித் தெளிந்து, இடைவெளி விடாமல் ஒழுக வேண்டும். மூடும் நேரத்தில் நிப்பிளில் இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும்: "தம்பி, சுத்து, சுத்து, நிறுத்தாதே... மூடிட்டேன், இப்ப விடு." வீல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிப்பிள் மூட வேண்டும். முன்னமே நிறுத்தினால் திறந்த வாய் வழியே காற்று உள்ளே போய்விடும். பிறகு இதே வேலை இடப்பக்கம். நடுவில் பாட்டில் காலியானால் பம்பே காற்றைக் குடித்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஏறத்தாழ 950 மில்லி பிடிக்கும் பாட்டில் குறைந்தது இரண்டு கைவசம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

தனி ஆள் என்றால் இரண்டு நிப்பிளையும் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் ட்யூபால் இணைத்து, இரண்டையும் திறந்துவிட்டு வீலைச் சுற்றலாம். எண்ணெய் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வழியாக ஹெல்முக்கே திரும்பும். எண்ணெய் வீணாகாது, தரை அழுக்காகாது, அதெல்லாம் நல்லதுதான். ஆனால் இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றாகிவிடுவதால் பிஸ்டன் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும், பெரிய அறையில் காற்று தங்கிவிடும். பிஸ்டனை ஒரு மூலைக்கும் பிறகு மறு மூலைக்கும் தள்ளி வைத்து இரண்டு தடவை செய்தால் ஓரளவு தேறும். அவசரத்துக்குச் சரி.

மேலே ஃப்ளைபிரிட்ஜில் (கேபினுக்கு மேலே உள்ள ஓட்டும் தளம்) ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஹெல்ம் உள்ள படகுக்கு, ஆட்டோபைலட் பம்பும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகமாக, மெஷின்தான் சரி. ஹோஸ் நீளமாக ஏறி இறங்கும் இடங்களில் மேட்டில் காற்று தங்கும். கையால் சுற்றும் மெல்லிய ஓட்டம் அதை அசைக்காது, மோட்டார் பம்பின் வேகம் இழுத்துக்கொண்டு வரும். ஃபில்டர் வழியே எண்ணெய் சுற்றுவதால் பழைய கசடும் போகும். ஒரே ஒரு சின்னப் படகு வைத்திருப்பவர் இதை வாங்குவது வீண் செலவு.

வேக்குவத்தை நான் தொடுவதில்லை. நிப்பிளின் மரை வழியாகவே காற்று உறிஞ்சப்பட்டு, குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். எது உள்ளே இருந்த காற்று, எது வெளியே இருந்து வந்தது என்று தெரியாது. பிரேக்கில் செய்வது போல நிப்பிள் வழியே எண்ணெயை அடியிலிருந்து மேலே தள்ளுவதும் இங்கே எடுபடாது. அலை மோட்டாரைத் தள்ளும்போது வீல் தானாகத் திரும்பக் கூடாது என்பதற்காக ஹெல்ம் பம்புக்குள் பூட்டு வால்வு இருக்கிறது. வீலைச் சுற்றாதவரை அது சிலிண்டரிலிருந்து வரும் எண்ணெயை மேலே விடாது.

எந்த முறையானாலும் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள், சீல்கள் கெட்டுவிடும். ஸ்டீயரிங் கம்பெனி சொல்லும் எண்ணெய், கிடைக்காவிட்டால் அவர்கள் ஏற்கும் மில்-எச்-5606 தர ஹைட்ராலிக் எண்ணெய். சிவப்பு நிறத்தில் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் வீலைக் கடைசிவரை திருப்பி, அதற்கு மேலும் அழுத்திப் பிடித்து, ஹெல்ம் வாயில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். நன்றாக இறங்கினால் இன்னும் காற்று இருக்கிறது, மறுபடியும் எடுங்கள். இந்தச் சோதனையில் அசையாமல் நின்ற மட்டம் சில நாளில் தானாக இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். ராடின் சீலையும் வீலுக்குப் பின்னால் உள்ள ஷாஃப்ட் சீலையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் சீல் மாற்றிய பிறகுதான் மறுபடி பாட்டிலைத் தொங்கவிட வேண்டும்.