‘தங்க எண்’ அட்டவணைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மெட்டல் டிடெக்டர் விற்கிற சிலர், கூடவே கருவியின் திரையில் எந்த எண் வந்தால் எந்த உலோகம் என்று சொல்லும் ‘தங்க எண் அட்டவணை’ ஒன்றைத் தனிக் காசுக்குத் தலையில் கட்டுகிறார்கள். வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன், அது வெறும் காகிதம்.

எனக்கு விற்றவர் பழைய கருவிகளை வாங்கி விற்பவர். “சார், திரையில 52 வந்தா தங்கம், 82-க்கு மேல வந்தா வெள்ளி. மத்ததைத் தோண்டவே வேண்டாம்” என்றார். வீடியோ காலில் ஒரு மோதிரத்தைக் கருவியின் காயிலுக்கு (உலோகத்தை உணரும் கம்பிச்சுருள்) முன்னால் ஆட்டிக் காட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 52 வந்தது. பார்சல் பிரித்துப் பார்த்தால், எனக்கு வந்த கருவியில் எண் 40-ஐத் தாண்டவே தாண்டாது! காட்டியது ஒரு மாடல், அனுப்பியது இன்னொன்று. கேட்டதற்கு, “சென்சிட்டிவிட்டியைக் கூட்டுங்க சார், வரும்” என்றார். அது கருவியின் உணர்திறன். அதைக் கூட்டினால் கருவி எட்டும் ஆழம் கொஞ்சம் கூடும், இரைச்சலும் கூடும். 40 வரை உள்ள அளவு, அவர் காட்டிய மாடலைப்போல 99 வரை நீளாது. அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

காட்டிய மாடலையே அனுப்பியிருந்தாலும் இது மோசடிதான். காயில் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதிலிருந்து திரும்பும் சிக்னல் எவ்வளவு பிந்துகிறது என்பதைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. மின்கடத்துதிறன், அளவு, தடிமன், வடிவம் எல்லாம் சேர்ந்த கலவை அது. உலோகத்தின் பெயர் அதில் இல்லை. வீட்டிலேயே பார்க்கலாம்: அலுமினியத் தாளில் சின்னத் துண்டு கிழித்துக் காட்டினேன், எண் கீழே நின்றது. துண்டு பெரிதாகப் பெரிதாக எண் ஏறியது. ஒரு கட்டத்தில் என் மனைவியின் தங்க மோதிரத்துக்கு வந்த அதே எண்! குளிர்பான டின்னைத் திறக்க இழுக்கும் வளையமும் பெரும்பாலும் மோதிரங்களின் பக்கத்தில்தான் விழும். மெல்லிய கம்மல் இரும்புக்குச் சற்று மேலே நிற்கும். சங்கிலி எத்தனை கனமாக இருந்தாலும் கருவி அதன் கண்ணிகளைத் தனித்தனியாகவே பார்ப்பதால் எண் குறைந்துவிடும். வெட்டுப்பட்ட மோதிரமும் அப்படித்தான். துருப்பிடித்த பாட்டில் மூடியோ நல்ல உலோகம் மாதிரி நடிக்கும். 52-ஐ மட்டும் தோண்டுகிறவர் தங்கத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருப்பார்.

இதெல்லாம் பொருளை மண்ணில் புதைக்காமல், காற்றில் காட்டிப் பார்த்த கதை. மண்ணில் இரும்புத் தாது இருந்தாலோ, பொருள் ஆழத்தில் கிடந்தாலோ, பக்கத்தில் ஒரு ஆணி இருந்தாலோ எண் தாவும். கருவியின் அதிர்வெண்ணை மாற்றினாலும் மாறலாம்.

கருவி வாங்கியே ஆகவேண்டும் என்றால், அனுப்பப்போகும் கருவியையே கேமரா முன் வைக்கச் சொல்லுங்கள். மாடல் பெயர் தெரியட்டும். மோதிரத்தோடு அலுமினியத் தாள், டின் வளையம், துருப்பிடித்த மூடி எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் தயங்க மாட்டார்.

எனக்கு விற்றவர் இப்போது வேறு போன் எண்ணிலிருந்து அதே அட்டவணையை விற்கிறார். புதிதாக ‘வைர எண்’ என்று ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது. வைரம் உலோகமே இல்லை. எந்த மெட்டல் டிடெக்டரிலும் அதற்குச் சத்தமே வராது.