பேஜை "பிராண்டிங்" செய்து தாறம் எண்டு வந்த ஆக்களை நம்பி நான் பட்ட பாடு

வெள்ளவத்தையில வீட்டில இருந்து யாழ்ப்பாணக் கறித்தூள் வறுத்து விக்கிறனான், 2019ல தொடங்கினது. சின்ன பிஸ்னஸ் செய்யிற ஆராவது உங்கட பேஸ்புக் பேஜை வெளி ஆளிட்ட குடுக்க யோசிச்சா, இதை ஒருக்கா வாசிச்சிட்டுக் குடுங்கோ.

முந்தி பேஜை நானேதான் பாத்தனான். போனில எடுத்த போட்டோ, தாச்சிக்குப் பின்னால கழுவாத சட்டியும் தெரியும், கீழ "இண்டைக்கு மல்லி கொஞ்சம் கூட வறுபட்டுட்டு, நாளைக்குத்தான் தூள்" எண்டு எழுதுவன். சனம் வாங்கிச்சு. எண்டாலும் மற்றவேன்ர பேஜ் எல்லாம் பளபள எண்டு இருக்கு, எங்கட மட்டும் குசினி மாதிரிக் கிடக்கெண்டு ஒரு ஆசை வந்திட்டு, அந்த நேரம் பாத்துத்தான் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாசம் 45,000, லோகோ, ஸ்டிக்கர், போஸ்ட் எல்லாம் தாங்களாம். "அக்கா நீங்க தூளை மட்டும் பாருங்கோ."

முதல் போஸ்டில மரக் கோப்பைக்குள்ள செக்கச்செவேல் எண்டு ஒரு தூள், பக்கத்தில நான் போடவே போடாத கறுவாப்பட்டை. இன்டர்நெட்டில சுட்ட படம். எங்கட தூள் செத்தல், மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைக்கிறது, கடும் மண்ணிறமாத்தானே வரும். படத்தைப் பாத்து வாங்கின ஒரு சிங்கள மிஸ் பழைய தூளைத் தந்திட்டீங்கள் எண்டு பார்சலைத் திருப்பி அனுப்பிட்டா, அவவில ஒரு பிழையும் இல்ல.

மெசேஜுக்குப் பதிலும் அவைதான். "அன்பான மதிப்புமிக்க வாடிக்கையாளரே, உங்கள் விசாரணைக்கு நன்றி." விசாரணையாம், பொலிஸ் மாதிரி! தெகிவளையில இருந்து தொடக்கத்தில இருந்தே வாங்கிற அன்ரி போன் எடுத்து "பிள்ளை, பேஜை ஆருக்கும் வித்துட்டியோ?" எண்டு கேட்டா.

அதைக்கூடப் பொறுத்தன். ஸ்டிக்கரில "1972 முதல் மூன்று தலைமுறையின் கைப்பக்குவம்" எண்டு 3,000 அடிச்சுக்கொண்டு வந்து வச்சாங்கள் பாருங்கோ, அதுதான். அம்மம்மா இடிச்சது வீட்டுக் கறிக்கு, ஒரு சதத்துக்கும் வித்தவ இல்ல. கேட்டா "ஸ்டோரி இல்லாட்டி பிராண்ட் நிக்காது அக்கா" எண்டு தம்பி சிரிக்கிறார். நான் ஸ்டிக்கரை ஒட்டேல்ல, ஆனா அதுக்கு முதலே போஸ்டில போட்டாச்சு. கனடாவில இருந்து மாமா எடுத்து "உங்கட அம்மம்மா எப்பயடி கடை வச்சவ?" எண்டு கேக்க, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்துது. லோயர் ஒராளிட்ட வேலை செய்யிற பிரெண்ட் சொன்னா, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் (2003, 9ம் இலக்கம்) எண்டு ஒண்டு இருக்கு, பொய் சொல்லி விளம்பரம் போட்டா மாட்டுறது விக்கிற நான்தானாம், எழுதின தம்பி பேசாம போயிடுவார்.

மூண்டு மாசத்தில 135,000 போச்சு, ஓடர் குறைஞ்சுதான் கிடந்துது. காணும் தம்பி எண்டு சொல்ல அடுத்த நாள் காலமை பேஜுக்குள்ள போகேலாம இருக்கு. தொடக்கத்தில "புல் கன்ட்ரோல்" கேட்டவர், நானும் ஓம் எண்டு குடுத்திட்டன். அது இருக்கிற ஆள் உங்களையே தூக்கி வெளிய போடலாம். போஸ்ட் போடவும் மெசேஜ் பாக்கவும் மட்டும் தனியா அக்சஸ் குடுக்கலாம் எண்டு எனக்கு அப்ப தெரியாது. பேரையும் மாத்தி வச்சிருக்கினம், பேஜின்ர பழைய விபரம் காட்டுற "பேஜ் டிரான்ஸ்பரன்சி"யில போய்ப் பாத்தா பழைய பேர் அப்பிடியே கிடக்கு, நம்பாத ஆக்கள் பாருங்கோ. லோகோன்ர ஒரிஜினல் பைலும் தரேல்ல.

பிஸ்னஸ் பேர் பிரதேச செயலகத்தில என்ர பேரில பதிஞ்சிருக்கு, அது காணும் எண்டு நினைச்சன். டிரேட்மார்க் வேற, அதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில தனியாப் பதியோணும், பதிஞ்சா 10 வருசம், பிறகு புதுப்பிக்கலாம். இப்பத்தான் அந்த போர்ம் நிரப்பிக்கொண்டிருக்கிறன்.

3,000 ஸ்டிக்கரும் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. புதுப் பேஜில திரும்பவும் தாச்சிப் படம்தான், இந்தமுறை சட்டியைக் கழுவிப்போட்டு எடுத்தனான். பழைய பேஜுக்கு ஓடர் போட்டுக் காசு அனுப்பிடாதேங்கோ, அங்க பதில் சொல்லுறது நான் இல்ல. என்ர வாட்ஸ்அப் நம்பர் மாறேல்ல, முந்தி வாங்கின ஆக்கள் அதுக்கே போடுங்கோ.