எச்டியூவில் (ஐசியூவுக்கு ஒரு படி கீழான வார்டில்) மூச்சுத் திணறுபவருக்கு எதை மாட்டுவது: ஹை ஃப்ளோவா, பைபாப்பா?

ஹை ஃப்ளோ என்பது மூக்குக் குழாய் வழியே ஈரமாக்கிய ஆக்சிஜனை வேகமாகத் தருவது. பைபாப் என்பது மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தள்ளும் மெஷின். முதலில் ஏபிஜி (தமனி ரத்தத்தின் வாயு அளவு) பாருங்கள். பிஹெச் 7.35-க்குக் கீழே (ரத்தம் அமிலமாகிறது), கார்பன் டை ஆக்சைடு 45 மி.மீ. பாதரசத்துக்கு மேலே, ஆளும் சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளி என்றால் பைபாப்தான். நிமோனியாவில் ஆக்சிஜன் மட்டும் குறைந்தால் ஹை ஃப்ளோ.

சாப்பாடு: ஹை ஃப்ளோவில் பேசலாம், கஞ்சி குடிக்கலாம். பைபாப் மாஸ்க்குக்குள் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

தோல்: பைபாப்பில் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகும். கசிகிறதே என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போவதுதான் வழக்கமான தப்பு. சின்னக் கசிவை மெஷினே ஈடுகட்டும். ஹை ஃப்ளோவில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்ப் பை காலியாவதை யாரும் கவனிப்பதில்லை. மூக்கு வறண்டு எரியும்.

ஆக்சிஜன்: ஹை ஃப்ளோ பெருந்தீனிக்காரன். நிமிடத்துக்கு 60 லிட்டர், 100 சதவீதம் ஓட்டினால் 7,000 லிட்டர் ஜம்போ சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

கண்காணிப்பு: பைபாப்புக்கு ஒரு மணி நேரத்தில் மறுபடி ஏபிஜி. ஹை ஃப்ளோவில் ஆள் சௌகரியமாகத் தெரிவார், அதுதான் ஏமாற்றும். சாச்சுரேஷன் 92, தரும் ஆக்சிஜன் 0.6 (60 சதவீதம்), நிமிடத்துக்கு மூச்சு 35 என்றால் ராக்ஸ் எண் (சாச்சுரேஷனை ஆக்சிஜனாலும் பிறகு மூச்சாலும் வகுத்தது) 4.38; அது 4.88-க்குக் கீழே இருப்பதால் ஐசியூவுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

சளியை இருமித் துப்ப முடியாத அளவு மயங்கியவருக்கு இரண்டுமே சரிவராது.