வாய்ச்சொல்லா, திருத்திய வரைபடமா?

கட்டுமான வேலையில் ஒரு மாற்றத்தை வாயால் சொன்னால் போதுமா, திருத்திய வரைபடமாகத் தர வேண்டுமா என்பது வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் தடுப்புச்சுவர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் நேர்ப்பேச்சுதான் நல்லது. மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது மேஸ்திரியோடு நடந்து பார்த்தால்தான் தெரியும்.

கம்பி கட்ட ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழ். நான் பார்த்த ஒரு வேலையில், நீர் வடியும் குழாயை ஓரடி இறக்கச் சொல்லி போன் வந்தது. சைட் ஷெட்டில் பழைய வரைபடமே ஒட்டியிருந்தது. கான்கிரீட் இறுகிய பிறகு சுவரைத் துளைத்தோம். அந்தக் கட்டத்தில் திருத்த எண், தேதி, கையெழுத்து உள்ள தாள்தான் பேச வேண்டும். சைட்டில் இருக்கும் பழைய பிரதியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

ஒப்படைக்கும்போது? இரண்டும் வேண்டும். கட்டியபடி வரைந்த படத்தோடு, மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடங்கள்.