காலில் எரிச்சல், கண்ணில் சோதனை: எது எதற்கு?

இரவில் பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே கூசுகிறது. நரம்பு கடத்தல் சோதனை செய்து பார்த்தால் 'நார்மல்' என்று வருகிறது. சர்க்கரை நோயாளிகள் பலர் குழம்பிப்போவது இங்கேதான். ரிப்போர்ட்டில் தப்பில்லை. மின்தூண்டல் கொடுத்து வேகம் பார்க்கும் அந்தச் சோதனைக்குத் தடித்த நரம்பிழைகள் மட்டுமே தெரியும். வலி, சூடு, குளிர்ச்சியை உணர்த்தும் மெல்லிய இழைகள் அதில் சிக்காது. சர்க்கரை நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவதோ அவைதான்.

10 கிராம் மோனோஃபிலமென்ட் எனும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு. ஆனால் அதன் தொடுகையே தெரியவில்லை என்றால் கால் புண்ணுக்குப் பயப்பட வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று பொருள். ஆரம்பத்தைப் பிடிக்க அது உதவாது.

மெல்லிய இழைகளை நேரில் எண்ணிப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தோல் பயாப்ஸி. கணுக்காலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அளவு தோலை எடுத்துச் சாயமேற்றி, மேல்தோலுக்குள் நுழையும் இழைகளை எண்ணுவார்கள். பாதிப்பு இருக்கும் காலிலேயே பார்ப்பதால் ஆதாரம் வலுவானது. ஆனால் சின்னதாக ஒரு காயம் ஆகும், அதுவும் சர்க்கரை உள்ளவர் காலில். ஒருமுறை எடுத்த அதே இடத்தில் மறுபடி எடுக்கவும் முடியாது.

இன்னொன்று கண். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக அடர்த்தியாக உள்ள இடம் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம் (கார்னியா). ஒரு தூசி விழுந்தால் படும் பாடு தெரியுமே! அதில் ரத்தக் குழாய் கிடையாது, ஒளி ஊடுருவும். அதனால் வெட்டாமலே உயிருள்ள நரம்பைப் பார்க்கலாம். மரப்புச் சொட்டு விட்டு, ஜெல் தடவிய கன்ஃபோகல் நுண்ணோக்கியைக் கண்ணில் லேசாகப் பொருத்தினால், சில நிமிடங்களில் படம் கிடைத்துவிடும். இழைகளின் அடர்த்தி, கிளைகள், நீளம் எல்லாம் அதிலிருந்தே கணக்கிடப்படும்.

சரி, கண்ணைப் பார்த்துக் காலைச் சொல்லலாமா? கருவிழி நரம்பு முகத்துக்கு வரும் முப்பெரு நரம்பின் கிளை, காலோடு தொடர்பில்லாதது. சர்க்கரை நோய் உடம்பு முழுக்க நரம்பைத் தாக்குவதால்தான் இந்தக் கணக்கு பலிக்கிறது. முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்தினால் கண்ணில் ஒன்றும் தெரியாது. பார்வைக் குறைக்கு லேசிக் எனும் லேசர் சிகிச்சை செய்தவர், காய்ந்த கண் உள்ளவர், கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று வந்தவர் ஆகியோருக்கு சர்க்கரை இல்லாமலே இழைகள் குறைந்திருக்கலாம். குறைவைக் காட்டும் படம் அதன் காரணத்தைச் சொல்லாது.

என்னைக் கேட்டால், முதல்முறை உறுதிசெய்யத் தோல், தொடர்ந்து கவனித்து வரக் கண். சர்க்கரை நோயால் கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் கருவிழி இழைகள் மீண்டும் வளர்ந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். தோல் பயாப்ஸியிலும் கடத்தல் சோதனையிலும் அப்போது மாற்றம் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று: வருடா வருடம் சர்க்கரைக்காக எடுக்கும் விழித்திரைப் படம் இதுவல்ல. அது கண்ணின் பின்பக்கத்து ரத்தக் குழாய்களைப் பார்ப்பது. இந்த நுண்ணோக்கி எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் இருக்காது, கேட்டுவிட்டுப் போவது நல்லது.