ஃபேஸ்டு அர்ரே மெஷின்: ஸ்க்ரீன் வியூஸ் எப்படி இருக்கு?

வெல்டுக்குள்ள குறை இருக்கான்னு செக் பண்ண ஆறு மாசமா இந்த ஃபேஸ்டு அர்ரே மெஷின்தான் (பல கோணத்துல அல்ட்ராசோனிக் அலையை அனுப்பி, திரும்பி வர்ற எக்கோவைப் படமாக் காட்டுற மெஷின்) யூஸ் பண்றேன், டிஸ்ப்ளே நெஜமாவே சூப்பர். ஏ-ஸ்கேன்ல எக்கோ எவ்ளோ உயரம், எவ்ளோ நேரத்துல திரும்பி வந்துச்சுன்னு தெரியும், பி-ஸ்கேன் பக்கவாட்டுல வெட்டிப் பாத்த மாதிரி ஆழத்தைக் காட்டும், சி-ஸ்கேன் மேலருந்து பாக்குற மேப், ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது எஸ்-ஸ்கேன்தான், அலை போற கோணம் 40 டிகிரிலருந்து 70 டிகிரி வரைக்கும் விசிறி மாதிரி ஒரே படத்துல வந்துடுது.

கலர் செட்டிங் மட்டும் மெனுவுக்குள்ள எங்கயோ கெடக்கு, தேட வேண்டியிருக்கு.

எக்கோ பலமா இருந்தா சிவப்பாக் காட்டும், ஆனா கலரை மட்டும் நம்பி வெல்டை ரிஜெக்ட் பண்ணிடாதீங்க, ரூட்ல (வெல்டோட அடிப்பகுதி) குறை இல்லாம வடிவத்தால மட்டும் வர்ற ஜியாமெட்ரி எக்கோவும் சிவப்பாத் தெரியலாம், ஏ-ஸ்கேனையும் சேத்துப் பாருங்க. கப்ளன்ட் (ப்ரோபுக்கும் மெட்டலுக்கும் நடுவுல போடுற ஜெல் இல்லன்னா தண்ணி) காஞ்சுட்டா சி-ஸ்கேன்ல டேட்டா விட்டுப்போகும், அந்த இடத்தை மறுபடி ஓட்டிடுங்க.